கைசரின் கடைசி ஃபியோர்டு

பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் அது ஃபியோர்டு. நார்வேயின் சோங்னெ ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் போகிறது. ஆழம் சுமார் 1,300 மீட்டர். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு இந்தப் பக்கம் அப்படியொரு பைத்தியம். 1889 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் தன் உல்லாசக் கப்பலில் நார்வேக்குக் கிளம்பிவிடுவார்.

1914 பயணம்தான் வில்லங்கமானது. ஜூலை 5 அன்று, செர்பியா விஷயத்தில் என்ன ஆனாலும் கூட நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தார். மறுநாளே புறப்பட்டார். வழக்கமான பயணத்தை நிறுத்தினால் உலகம் சந்தேகப்படும் என்பது சான்சலர் பெத்மான் ஹோல்வெக்கின் கணக்கு. பேரரசரே லீவில் இருக்கிறார், அப்புறம் எங்கே போர்?

ஹோஹென்சொல்லர்ன் கப்பல் பாலெஸ்ட்ராண்டில் நின்றிருந்தபோது, 23ஆம் தேதி ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை செர்பியாவிடம் தரப்பட்டது. 25ஆம் தேதி கைசர் நங்கூரம் எடுத்தார். 28 காலை செர்பியாவின் பதிலைப் படித்துவிட்டு, இனி போருக்குக் காரணமே இல்லை என்று எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது.

அவர் பெர்லினிலேயே இருந்திருந்தால் போர் நின்றிருக்குமா என்று கேட்பார்கள். என் கேள்வி வேறு. ஒப்புதல் கொடுத்துவிட்டு லீவில் போகிற மேலாளர்களை மென்பொருள் துறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவருக்கு, அதன் விளைவு கண்ணில் படாத தூரத்தில் இருக்க உரிமை உண்டா?

பாலெஸ்ட்ராண்டுக்கு எதிர்க்கரையில், வாங்ஸ்னெஸில், 1913இல் அவர் பரிசளித்த ஃப்ரித்யோஃப் சிலை இன்னும் நிற்கிறது. கைசர் அதன்பின் நார்வேக்கு வரவேயில்லை.