பெயின்ட் டப்பாவிலிருந்து குழந்தையின் தோலுக்கு

மெத்தில்ஐசோதயசோலினோன் என்பது முழுப்பெயர். தோல் மருத்துவர்கள் எம்.ஐ. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஷாம்பு பாட்டிலின் பின்புறப் பொடியெழுத்தில் பெரும்பாலும் கடைசி வரிகளில் இருக்கும். சேர்க்கும் அளவு அவ்வளவு குறைவு. பத்து லட்சத்துக்குச் சில பங்கு போதும்.

தண்ணீர் கலந்த லோஷனோ பசையோ பெயின்ட்டோ பாதுகாப்பு இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பிடித்துவிடும். கெட்டுப்போன க்ரீமும் தோலுக்கு ஆபத்துதான். எனவே ஏதோவொரு பதனப்பொருள் வேண்டும். 1980-ஐ ஒட்டி, ரோம் அண்ட் ஹாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கேத்தான் சி.ஜி. அழகுசாதனங்களுக்குள் வந்தது. அதில் குளோரின் ஏறிய ஒரு சேர்மம் மூன்று பங்கு, எம்.ஐ. ஒரு பங்கு. நுண்ணுயிரின் என்சைம்களில் உள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றை முடக்குவதே இரண்டின் வேலையும். நம் தோலிலும் அந்த வேகம் அடங்குவதில்லை. மூலக்கூறு சிறியது என்பதால் மேல்தோலைக் கடந்து புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையாகக் குறித்துக்கொள்கின்றன. குறித்தது பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை. ஒவ்வாமை பெருகியதும் ஐரோப்பா இந்தக் கலவைக்குப் பத்து லட்சத்தில் 15 பங்கு என்று வரம்பு வைத்தது.

பழி குளோரின் ஏறிய சேர்மத்தின் மேல் விழுந்தது. எம்.ஐ. சாது என்று பெயர் வாங்கி, பெயின்ட்டிலும் பசையிலும் தனியாகவே வேலைக்குப் போனது. டென்மார்க்கில் பெயின்ட் ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்குக் கைகளில் படை வந்ததை மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம், 2004-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப்பா டார்ப்ரே குழுவினர் 20 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் பாராபென் என்ற வேறொரு வகைப் பதனப்பொருள் இருப்பதாகச் சொன்னார்கள். பாராபென்தான் புற்றுநோயை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் அச்சம் பரவியது. ‘பாராபென் இல்லாதது’ என்ற வாசகம் விற்பனையைக் கூட்டியது. அந்த வாசகம் இல்லாததைத்தான் சொல்கிறது. அந்த இடத்தில் எது வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

2005-இல் ஐரோப்பா, அழகுசாதனங்களில் எம்.ஐ.யைத் தனியாகவே 100 பங்குவரை சேர்க்க அனுமதித்தது. பழைய கலவையில் அது 4 பங்குக்கும் குறைவு. தனித்து நின்றால் கிருமியைக் கொல்லும் திறன் மட்டு, அதனால் அளவு ஏறியது. க்ரீம், சன்ஸ்கிரீன், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள் என்று எல்லாவற்றிலும் புகுந்தது. ஈரத்தாளால் துடைத்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. டயப்பருக்குள், தோல் மடிப்பில், ரசாயனம் அப்படியே தங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் ஆறு குழந்தைகளின் கதை 2014-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியானது. அவர்களில் மூத்தது 8 வயதுச் சிறுமி. முகத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் ஆறாத படை. எக்ஸிமா, சொரியாசிஸ் என்று ஏதேதோ பெயர் சொல்லி மருந்து கொடுத்தார்கள். ஈரத்தாளை நிறுத்தியதும் தோல் தேறியது. கண்டுபிடிக்கத் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் பழைய கலவையைத்தான் பல இடங்களில் வைத்தார்கள். அதிலிருக்கும் கொஞ்சம் எம்.ஐ.யால் பலருடைய ஒவ்வாமை வெளிப்படாமலே போனது.

2013-இல் அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் எம்.ஐ.யை ‘ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்’ என்று அறிவித்தது. பூசிவிட்டு அப்படியே விடும் பொருள்களில் ஐரோப்பா அதைத் தடைசெய்தது 2017-இல்தான். கழுவிவிடும் பொருள்களில் 2018 முதல் 15 பங்கு வரம்பு. அனுமதிக்கும் தடைக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குள் ஒவ்வாமை பிடித்தவர்களுக்கு இந்தத் தடை பாதி நிவாரணம்தான். விதி எல்லா நாட்டிலும் ஒன்றல்ல என்பதால் க்ரீமோ ஈரத்தாளோ வாங்கும்போது அந்த நீளப் பெயரை அவர்களே தேட வேண்டியிருக்கிறது.

எம்.ஐ. இன்று பாத்திரம் கழுவும் திரவத்திலும் சுவர் பெயின்ட்டிலும் இருக்கிறது. புதிதாக வண்ணம் அடித்த அறையில் அது காற்றில் கலந்து, ஒவ்வாமை உள்ளவரின் இமைகளை வீங்கவைக்கும். சிலருக்கு மூச்சும் முட்டும். அப்படிப்பட்ட வீடுகளில் சோடியம் பைசல்ஃபைட் கரைசலைச் சுவரில் பூசி, பெயின்ட்டிலுள்ள எம்.ஐ.யை முறித்திருக்கிறார்கள்.