மலைக் கல்லும் மர மாதிரியும்

மீரியபெத்தையிலிருந்து பெரகல, ஹல்துமுல்ல வழியே மேற்கு நோக்கிச் சென்றால் பலாங்கொடை வரும். அப்பகுதி ஆற்றுச் சரளையில் கிடைத்த சிறு கரிய பளிங்குகளை 1904இல் உலகறியச் செய்தவர் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி. கலை அறிஞராகவே நாம் படித்த அவர், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளர். தோரியம் நிறைந்த அக்கனிப்பொருள் புதியதென உறுதியாகித் ‘தோரியனைற்’ எனப் பெயர் பெற்றது.

அதன் பளிங்கு சதுரமுகி வடிவானது. ஆயினும் ஆற்றில் உருண்ட கல்லின் முனைகள் தேய்ந்திருக்கும். இத்தகைய கற்களின் முழு வடிவத்தைக் காட்டவே, ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் ரெனே ஜுஸ்ட் ஆயுயி மர மாதிரிகளைச் செய்வித்தார். இழை நெருங்கிய பியர்ஸ் மரத்தில் விளிம்புகள் கூராக நிற்கும். நெதர்லாந்தின் டெய்லர் நூதனசாலையில் அவ்வகை மாதிரிகள் ஏறக்குறைய 600 உள்ளன. எலும்பு மாதிரியைத் தொட்டுப் படித்தபின் நோயாளியிடம் சென்ற எனக்கு அதன் பயன் நன்கு விளங்குகிறது.

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்து நம் உறவுகளை மூடியது. பாறையிலுள்ள பெல்ஸ்பார் உக்கிக் களிமண்ணாவதையும், மழைநீர் ஊறிய மண் கனத்து நகர்வதையும் நாம் வகுப்பறையில் கண்டதில்லை.

நூற்றாண்டு நினைவாக விஞ்ஞான கூடத்தில் ஓர் அலுமாரி வைப்போம். மலைநாட்டுப் பாறையின் கார்னட் கல்லும், அதனருகே நம்மூர்த் தச்சர் செதுக்கிய பன்னிரு முக மாதிரியும் அதில் இருக்கட்டும். நம் தங்கைமார் தாம் வாழும் மலையை அறிந்து வளரட்டும்.