கம்பி, கணக்கு, கடவுச்சொல்: தமிழகத் தொலைக்காட்சி வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1

போன வருஷம் எங்கள் வீட்டுக் கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டோம். பாக்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கேபிள்கார அண்ணன் வந்தார். பதினேழு வருஷமாக மாதம் பிறந்தால் நோட்டும் பேனாவுமாக வாசலில் நிற்கிறவர். அப்பாவிடம் கொஞ்ச நேரமாவது அரசியல் பேசாமல் போகமாட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. 'என்னண்ணா பண்றது, யாரும் டிவி போடறதே இல்ல, எல்லாம் போன்லயே பாத்துக்கறோம்' என்று இழுத்தேன். அவர் சிரித்தார். 'அதுக்கென்ன தம்பி, நெட்டு கனெக்சனும் நம்மகிட்டதான வாங்கியிருக்கீங்க. கம்பி அதே ஆளு இழுக்கற கம்பிதான். உள்ள ஓடறது மாறிப்போச்சு.'

இந்தக் கட்டுரை அவர் சொன்னதன் விரிவுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மைப் போன்ற வாசகர்களிடையே இன்று ஒரு கதையாடல் உலவுகிறது. கேபிள் என்றால் மெகா சீரியல், விளம்பரம், ஏகபோகம். ஓடிடி என்றால் உலக சினிமா, மாற்றுக் கதைகள், 'ஜெய் பீம்'. கேபிளை விட்டு ஸ்ட்ரீமிங்குக்கு வந்தவர் ஏதோ விடுதலை பெற்றவர்போலப் பேசுகிறார். எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதை இனி நான் தீர்மானிக்கிறேன் என்கிறார். 'தேர்வு' என்ற இந்தச் சொல்லைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுக்கிற தன்னிலை ஒன்றை உருவாக்கி, அதற்குச் சுதந்திரம் என்று பெயரிடுவது முதலாளியத்தின் பழைய வேலை. ஆனால் பொதுப்படையாக இப்படிச் சொல்லிவிட்டு நகர்வதில் பயனில்லை. தமிழகத்தில் இந்தப் பெட்டிக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

2

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. 1982ல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. எண்பதுகளில் ஒளிபரப்புக் கோபுரங்கள் பெருகியபோது பெட்டி சிற்றூர்களை எட்டியது. அரசின் குரல் மட்டுமே கேட்ட காலம். கருத்தியல் அரசு எந்திரம் என்று அல்தூஸர் சொன்னதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

விழுப்புரம் பக்கம் எங்கள் ஊரில் பெட்டி முதலில் பஞ்சாயத்துக் கட்டடத்துக்குத்தான் வந்தது. கட்டடம் ஊர்த்தெருவில் இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம். ஊர்க்காரர்கள் உள்ளே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சேரிச் சனம் ஜன்னலுக்கு வெளியே நின்றது. என் அம்மா அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். 'படம் முடியற வரைக்கும் கால் மாத்தி மாத்தி நிப்போம். உள்ள எடம் இருந்துச்சு' என்பாள்.

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த பொற்காலம் போய்விட்டதே, ஆளுக்கொரு போனுடன் மூலைக்கொருவராக ஆகிவிட்டோமே என்று வருத்தப்படுகிற கட்டுரைகளை இப்போது அடிக்கடி வாசிக்கிறேன். அந்த 'எல்லாரும்' யார் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். ஆகவே, பழைய கூடத்துக்கு ஏங்குவதற்காக நான் இதை எழுதவில்லை.

3

1991 வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்டியபோது இந்திய நகரங்களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பரவலாக அறிமுகமானது. மொட்டைமாடியில் ஒரு டிஷ், அங்கிருந்து மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் இழுத்த கம்பி. முதலீடு கொஞ்சம், சட்டம் எதுவுமில்லை. வேலையில்லாத இளைஞர்கள் பலர் கேபிள்காரர்கள் ஆனது இப்படித்தான். 1995ல்தான் கேபிளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதே வருஷம் பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைகளின்மேல் அரசு ஏகபோகம் கொண்டாட முடியாது என்றது. இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்வோம். பிறகு தேவைப்படும்.

சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14ல் தொடங்கியது. சில வருஷங்களுக்குள் அதே குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் சென்னை உள்ளிட்ட நகரங்களில் கம்பியையும் தன் கையில் வைத்திருந்தது. கதை சொல்கிறவரும் கதை வருகிற வழியை வைத்திருப்பவரும் ஒருவரே ஆன நிலை இது. அந்தக் காலத்துக் கேபிளில் ஒரு சேனலைத் தடைசெய்ய வேண்டிய அவசியமே இல்லை. கடைசி எண்ணுக்குத் தள்ளிவிட்டால் போதும். புள்ளியடிக்கிற படத்தை யார் பார்ப்பார்கள்? ஒளிபரப்பு என்பது தனித்தனி நிகழ்ச்சிகளின் தொகுப்பாக இல்லை, திட்டமிட்ட ஒரு ஓட்டமாக இருக்கிறது என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1974லேயே எழுதினார். அந்த ஓட்டத்தின் மடை எங்கே இருக்கிறது, யார் அதைத் திறக்கிறார்கள் என்பதைத் தமிழகம் நடைமுறையில் கற்றுக்கொண்டது.

கற்றுக்கொண்டதால்தான் கம்பி இங்கே அரசியலானது. 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு பெரிய கேபிள் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. அதே வருஷம் ஆட்சிக்கு வந்த தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அம்மா அதற்குப் பொட்டு வைத்தாள். அறிவுஜீவிகள் பலர் 'கவர்ச்சித் திட்டம்' என்று முகம் சுளித்தார்கள். முப்பது வருஷமாக ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் தங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்ததை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதே சமயம், பெட்டி அரசுடையது, கம்பி தனியாருடையது, மாதச் சந்தா கூலிக்காரருடையது என்ற உண்மையும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2007ல், ஆளும் குடும்பத்துக்குள் பிளவு வந்தபோது, அரசு கேபிள் டிவி நிறுவனம் பிறந்தது. கட்டணச் சேனல்கள் கிடைக்காமல் தடுமாறியது. பிளவு சரியானதும் முடங்கியது. 2011ல் மறுபடி ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அதற்கு உயிர் கொடுத்து, மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார். இதில் பழிவாங்கல் இருந்தது, குடும்பச் சண்டை இருந்தது, வியாபாரம் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் கம்பி யாருடையது என்ற கேள்வி தேர்தல் மேடையில் கேட்கப்பட்டது. டீக்கடையில் பேசப்பட்டது. அதிகாரம் அசிங்கமாக இருந்தாலும் முகத்தோடு இருந்தது.

4

இந்த வரலாற்றுக்குள் இன்னொரு வரலாறு ஓடுகிறது. எண்ணுவதன் வரலாறு.

தெருவில் நூறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இருபதுக்குக் கணக்குக் காட்டுகிறார்கள் என்பது சேனல் முதலாளிகளின் நிரந்தரப் புலம்பல். பொய்க்கணக்குதான். ஆனால் அந்தப் பொய்யில் தெருவுக்கும் ஒரு பங்கு இருந்தது. வேலையில்லாத மாதம் பாக்கி நிற்கும். புருஷன் செத்த வீட்டில் அண்ணன் பணம் கேட்கமாட்டார். ஒரே இணைப்பிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒரு கிளை போகும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பாக்ஸ் வந்தது. 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டணச் சேனல் பார்க்க செட் டாப் பாக்ஸ் கட்டாயமானது. நுகர்வோருக்குத் தேர்வுரிமை தருகிறோம் என்றுதான் அன்றும் சொன்னார்கள். 2012க்கும் 2017க்கும் இடையில் நாடு முழுக்கக் கட்டம் கட்டமாக டிஜிட்டல் மயமானது. 2019ல் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. 100 சேனல்களுக்கு 130 ரூபாய், வரி தனி. அதற்குமேல் வேண்டிய சேனலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 'வேண்டியதத் தேர்ந்தெடுங்கன்னு ஒரு பாரம் குடுத்தாங்க. படிச்சுப் பாத்தா போன மாசத்தவிட ஜாஸ்தி வருது' என்றார் அப்பா. பல வீடுகளில் இதுதான் நடந்தது. அதே நேரத்தில் கைபேசியில் டேட்டா மலிந்து கிடந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ், செப்டம்பரில் ஜியோ, டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ. கேபிளை விட்டு மக்கள் வெளியேறியதற்கு ரசனை மாற்றம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது.

வெளியேறி எங்கே வந்தோம்? தெருவாக எண்ணப்பட்டவர்கள் வீடாக எண்ணப்பட்டோம். இப்போது ஆளாக எண்ணப்படுகிறோம். என்ன பார்த்தேன், எந்த இடத்தில் நிறுத்தினேன், எதைப் பாதியில் விட்டேன் என்பதெல்லாம் பதிவாகிறது. அண்ணனின் நோட்டில் எங்கள் வீட்டைப் பற்றி இருந்தது ஒரே ஒரு தகவல்தான்: பணம் வந்ததா, வரவில்லையா.

தெருவின் பழக்கம் சும்மா போய்விடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கிளை இழுத்தவர்கள் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டார்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கணக்கு. 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் அதை நிறுத்தியது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்றது. எது வீடு என்பதையும் கம்பெனியே வரையறுத்தது. ஹாஸ்டலில் படிக்கிற தங்கை வீட்டில் அடக்கமில்லை. ஃபூக்கோ விவரித்த ஒழுங்குபடுத்தும் சமூகம் கட்டுப்பாட்டுச் சமூகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று கில் தெலூஸ் 1990ல் எழுதினார். அடைத்துவைக்கச் சுவர் தேவையில்லை, அனுமதிப்பதையும் மறுப்பதையும் கடவுச்சொல் பார்த்துக்கொள்ளும் என்றார். தத்துவமாகப் படித்தபோது தூரத்தில் இருந்தது. இப்போது ரிமோட்டில் இருக்கிறது.

அந்த ரிமோட்டையும் பாருங்கள். ஸ்மார்ட் டிவியோ, டிவியில் செருகுகிற ஸ்டிக்கோ, சேனல் எண்களுக்குப் பதில் கம்பெனிகளின் பெயர் பொறித்த பொத்தான்கள். அந்த இடங்கள் விற்பனைக்குரியவை. கடைசி எண்ணுக்குத் தள்ளிய அதே அரசியல், பொத்தானாக வந்திருக்கிறது. பணமும் கட்டி விளம்பரமும் பார்ப்பதா என்று கேபிளை விட்டோம். 2025 ஜூனில் அமேசான் பிரைம் வீடியோ விளம்பரம் போடத் தொடங்கியது. வேண்டாமென்றால் மேலும் பணம்.

5

'ஜெய் பீம்' விஷயத்துக்கு வருகிறேன். 1993ல் நடந்த ஒரு காவல் மரணத்தை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படம் 2021 நவம்பர் 2ல் திரையரங்குக்கு வராமல் நேரடியாகப் பிரைமில் வெளியானது. நாமெல்லாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய படம்தான். எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருளர் வீடுகள் இருக்கின்றன. அங்கே யாரிடமும் சந்தா இல்லை. நண்பர் ஒருவரின் கணக்கை வாங்கி, வாடகைப் புரொஜக்டரில், வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டோம். முடிந்ததும் ஒரு கிழவி கேட்டாள்: 'இத எந்த டிவில தம்பி போடுவாங்க? எம் மவ ஊர்லயும் பாக்கச் சொல்லணும்.' எங்களிடம் பதில் இல்லை. அவளுடைய கதை அவளுக்கு வழியில்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு படம், 'அன்னபூரணி'. 2023 டிசம்பரில் திரையரங்கிலும் பிறகு நெட்ஃபிளிக்ஸிலும் வெளியானது. தணிக்கைச் சான்று பெற்ற படம். இந்துத்துவ அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் அதை நீக்கியது. தடையாணை இல்லை, நீதிமன்றம் இல்லை. நேற்று இருந்தது, இன்று இல்லை. திரையரங்கை அடைத்தால் கூட்டம் கூடும், செய்தியாகும். இங்கே போராடப் போய் நிற்பதற்கு ஒரு வாசல்கூட இல்லை.

கம்பியும் கதையும் ஒரே கையில் சேர்வது தமிழகத்தின் தனிக்கதை என்று நினைத்திருந்தோம். 2023ல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்திய ஊடகத் தொழிலை இணைத்தன. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. அந்த வருஷ ஐ.பி.எல்.லை முழுதாகப் பார்க்கச் சந்தாவோ அதற்கான ரீசார்ஜோ வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இலவசமாக வந்த செயற்கைக்கோள் சேனல்கள் கட்டணச் சேனல்களான அதே வழி. டேட்டா விற்கிறவரே கதையும் விற்கிறார். இந்த முறை நாடு முழுக்க. சுமங்கலி கேபிளைத் திட்டிய அளவுக்கு இதை யாரும் திட்டக் காணோம். காரணம் எளிது. அங்கே நாம் சிக்கிக்கொண்டவர்கள். இங்கே 'தேர்ந்தெடுத்தவர்கள்'.

கேபிளுக்குத் திரும்புவோம் என்று நான் சொல்ல வரவில்லை. நானே துண்டித்தவன். இந்த டேட்டா ஓடுவது எதன்மேல்? ஏலத்தில் விடப்பட்ட அலைவரிசையின்மேல். 1995ல் பொதுச்சொத்து என்று சொல்லப்பட்ட அதே வான் அலைகள். அப்படியானால் அவற்றின்மேல் ஓடுகிற கதைகளில் பொதுமக்களுக்கு என்ன பங்கு? அரசு கேபிளைப் பற்றிக் கேட்க முடிந்த கேள்வியை இங்கே ஏன் கேட்கக் கூடாது? நீக்கப்படும் படம் எங்கே பாதுகாக்கப்படும், யார் பார்க்க முடியும் என்று கேட்கலாம். நூலகத்தைப்போலப் பொதுவான ஒரு காட்சிச் சேமிப்பைக் கேட்கலாம். இவை ரசனை பற்றிய கேள்விகள் அல்ல, உடைமை பற்றியவை.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் ஏற்றிருக்கிறது. அந்தக் கம்பி ஊராட்சிக் கட்டடத்துக்குத்தான் வந்து சேரும். எங்கள் ஊரில் அது அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே இடம். இந்தத் தடவை உள்ளே யார் உட்காரப்போகிறார்கள் என்பதைக் கம்பெனியோ ஊரோ தீர்மானிப்பதற்கு முன்னால் நாம் அங்கே போயாக வேண்டும்.