அரளியின் பெயரும் எச்சரிக்கையும்

செடிகொடிகளுக்கு முன்னோர் இட்ட பெயர்களை ஆராயின், அவர்தம் பட்டறிவு அவற்றுள் சுருங்கிக் கிடப்பது புலனாகும். அரளி அதற்கோர் எடுத்துக்காட்டு.

சென்னைக்கு மேற்கேயுள்ள மாங்காட்டில் அரளியை அறியாதார் இலர். பூக்கடையில் மாலையாகவும், வீட்டோரத்தில் வேலியாகவும், அருகே பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் நடுவே வரிசையாகவும் அதனைக் காண்கிறோம்.

தமிழர் இதனை 'அலரி' என்றனர். அலர்தல் என்பது பூத்தல். ஆகவே பூவின் அழகே இப்பெயரில் முன்னிற்கிறது. வடமொழியோ 'அசுவமாரகம்', அதாவது குதிரைகொல்லி என்றது. பாரசீகர் 'கர்ஸஹ்ரா', கழுதை நஞ்சு என்றனர். அரபியர் இட்ட பெயர் 'திஃப்லா'.

கி.பி. முதல் நூற்றாண்டின் யவன மருத்துவர் தியோஸ்கோரிதீஸ், இதன் இலையும் பூவும் நாயையும் கழுதையையும் கொல்லும் என எழுதினார். அவர் நூலை 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இஸ்திஃபான் இப்னு பஸீல் அரபியாக்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தினார். அரபுப் பெயர் தெரியாத மூலிகைகளை, பின்னால் அறிந்தவர் வருவார் என்று யவனச் சொல்லாகவே விட்டுவைத்தார் இஸ்திஃபான். அத்தகைய நேர்மை அவர்களுடையது! அந்தலூஸின் மாலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைதார், தம் பெருநூலில் 'திஃப்லா' என்னும் தலைப்பின்கீழ் தியோஸ்கோரிதீஸின் கூற்றை எடுத்தாண்டார்.

நஞ்சே இச்செடிக்குக் காவல். ஆடுமாடுகள் இதனை மேய்வதில்லை. தடித்த இலையின் அடியில் மூச்சுத்துளைகள் மயிரடர்ந்த குழிகளுக்குள் மறைந்திருப்பதால் நீரிழப்பு குறைவு. உப்புக்காற்றையும் வறட்சியையும் தாங்கி, என்றும் பசுமையாய் நிற்கும். கடற்கரைத் தோட்டங்களில் காற்றைத் தடுக்கும் வேலிக்கு இதனினும் எளிய செடி அரிது. கிளையை வெட்டி நட்டாலே வேரூன்றும். நீர் தேங்காத மண் போதும்.

ஆயினும் இலை, பூ, தண்டு, வேர் யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையன. அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் அரளி வேறினமேயாயினும் அதுவும் நஞ்சே. கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கின. பன்னூறாண்டுகளாக ஏட்டிலிருந்த செய்தி, இவ்வாறு மீண்டும் நினைவூட்டப்பட வேண்டியதாயிற்று.

நட விரும்புவோர் நடுக. தொழுவத்தருகிலும் சிறுவர் விளையாடும் இடத்திலும் வேண்டா. கழித்த கிளைகளை அடுப்பில் இடவும் வேண்டா. தமிழ்ப் பெயர் சொல்லும் அழகோடு, பிறமொழிப் பெயர்கள் காத்துத் தந்த எச்சரிக்கையையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நமது கடமையாகும்.