ஆறுமுகம் பிள்ளையின் இரவுப் பாடம்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சி செல்லும் திசையில் எலப்புள்ளி என்னும் ஊர் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவாகும் வரை, சென்னை இராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர் அது. தமிழும் மலையாளமும் அங்கே ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடக்கும். விடுமுறையில் அவ்வூரிலுள்ள பெரியம்மா இல்லத்திற்குச் சென்றிருந்த நாம், திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டபோது, "ரவிவர்மா படங்களைப் பார்த்து வா, நம் பூஜை அறை லட்சுமி அவர் வரைந்ததுதானே" என்றார் அவர். 1894இல் பம்பாயில் ரவிவர்மா நிறுவிய அச்சகம் வாயிலாக வீடுதோறும் பரவிய படங்களுள் அதுவும் ஒன்று.

திருவனந்தபுரத்து அருங்காட்சியகத் தோட்டத்தில் முதலில் கண்ணைக் கவர்வது, 1880இல் கட்டி முடிக்கப்பெற்ற நேப்பியர் மாளிகை. சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தை அமைத்த சிசோமே இதனையும் அமைத்தவர். அதே தோட்டத்தில் 1935இல் ஸ்ரீ சித்திரா ஓவியக் கூடம் திறக்கப்பட்டது. ரவிவர்மாவுக்கென்றே தனிக் கூடம் ஒன்று 2023இல் எழுந்தது.

அன்னத்துடன் பேசும் தமயந்தியின் முன்னர் நெடுநேரம் நின்றோம். செந்நிறச் சேலையின் சரிகைக் கரையில் ஒளி விழுந்து மடிப்புக்குள் மறைகிறது. துணியின் கனத்தைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்க்கலாம் போலும்! எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. ஆதலால் ஒரு நிறத்தை மற்றொன்றில் இழைக்க ஓவியனுக்கு அவகாசம் கிடைக்கிறது. இவ்வித்தையை இவர் யாரிடம் கற்றார்?

1848இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவுக்கு முதல் ஆசான் அவருடைய மாமன் இராஜராஜ வர்மா. அம்மாமனுக்குக் கற்பித்தவரோ, சுவாதித் திருநாளின் அரசவையில் விளங்கிய மதுரை அழகிரி நாயுடு. பதினான்காம் வயதில் ரவிவர்மா ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு வந்தபோது, எண்ணெய் வண்ணம் அறிந்தவர் அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் ஒருவரே. இளைஞனிடம் போட்டியாளனைக் கண்ட அவர் கற்பிக்க மறுத்துவிட்டார். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். ஆனால் நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை, ஆசான் அறியாமல் இரவு வேளைகளில் வந்து, தாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாறு கூறுகிறது.

நாயக்கரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை; பிழைப்பு அவருக்கும் உண்டு. பிள்ளைக்கோ அதைவிடப் பெரிய ஆபத்து. அகப்பட்டிருந்தால் ஆசானும் போயிருப்பார், வேலையும் போயிருக்கும். மறுபுறம் அவர் அடைந்த ஊதியம் என்ன? 1874இல் சென்னைக் கண்காட்சியில் ஸ்வரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் ஓவியத்திற்காகத் தங்கப் பதக்கம் பெற்றவர் ரவிவர்மா. மறு ஆண்டு வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகி அப்படம் கடல் கடந்தது. பிள்ளை வரைந்த படம் ஒன்றையேனும் காண விரும்பிச் சுவர் சுவராகத் தேடினோம். நம் கண்ணில் படவில்லை. பெயர் அச்சேறாத காகிதங்களை நாள்தோறும் மொழிபெயர்த்து அனுப்பும் நமக்கு அம்மனிதர்பால் தனிப் பரிவு பிறந்ததில் வியப்பில்லை.

எலப்புள்ளிக்குத் திரும்பியதும் பெரியம்மாவிடம் இதனைச் சொன்னோம். "இராத்திரியில் வந்தா சொல்லிக் கொடுத்தார்? விளக்கெண்ணெய்ச் செலவு யாருடையதோ!" என்று சிரித்தவாறே, லட்சுமி படத்தின் முன்னிருந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.