கைரேனியாச் சரக்குக் கப்பலும் அதன் நால்வரும்

மகா அலெக்சாந்தர் கி.மு. 323இல் மரித்தபின், அவனுடைய தளபதிகள் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதிக்காகப் பொருத வரலாற்றை நாம் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். தாலமியும் அந்திகோனுவும் தேர்வுத்தாள்களில் தவறாமல் இடம்பெறுகின்றனர். அதே காலத்தில் அதே கடலில் திராட்சரசமும் வாதுமையும் ஏற்றிச் சென்று பிழைத்தவர்களைப் பற்றியோ நம் பாடநூல்கள் வாய்திறப்பதில்லை. அவர்களைப் பற்றி எழுதிவைத்தவர் இல்லை. ஆயினும் அவர்கள் ஓட்டிய கப்பல்களுள் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது.

1965இல் சீப்புரு தீவின் வடகரையிலுள்ள கைரேனியா நகருக்கு அருகே, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில், கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு தேடிய ஆந்திரேயா கரியோலு என்பவர் மண்சாடிகளின் குவியலொன்றைக் கண்டார். 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் மைக்கேல் காட்செவ் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. சாடிகளின் அடியில் கப்பலின் உடற்பகுதி பாதிக்குமேல் எஞ்சியிருந்தது. ரிச்சர்டு ஸ்டெஃபி அதன் துண்டுகளைப் பொருத்திக் கைரேனியாக் கோட்டையில் மீண்டும் உருவாக்கினார்.

அது சிறிய கப்பல். நீளம் ஏறத்தாழ 14 மீட்டரே. சதுரப் பாய் ஒன்றைக்கொண்டு ஓடியது. ஏராவின்மேல் வங்குகளை நிறுத்திப் பின்னர் பலகை அறையும் முறை மத்தியதரைக் கடலில் மிகப் பிற்காலத்தது. இதனைக் கட்டிய தச்சர் முதலில் பலகைகளையே இணைத்தனர். விளிம்புகளில் நெருக்கமாகத் துளையிட்டு, கருவாலி மரத்துண்டுகளைச் செருகி, அவை கழலாதபடி மரமுளைகளால் இறுக்கினர். வங்குகள் அதன் பின்னரே செப்பாணிகளால் பொருத்தப்பட்டன. எனவே கப்பலின் வலிமை பலகைகளின் மூட்டுவாய்களிலேயே இருந்தது. இம்முறை பவுலின் காலத்திலும் வழங்கிற்று. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் மாலுமிகள் புயலின் நடுவே கப்பலைச் சுற்றிக் கட்டியதன் காரணத்தை இதனால் நாம் நன்கு உணரலாம். மூட்டுவாய் திறந்துகொண்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் 276 பேரைச் சுமந்த அந்தத் தானியக் கப்பலையும் இதனையும் ஒன்றாக எண்ணலாகாது. துறைமுகந்தோறும் தங்கிச் சென்ற எளிய கப்பல் இது.

ஏற்றப்பட்டிருந்த சாடிகள் ஏறத்தாழ 400. அவற்றுட் பெரும்பாலானவை ரோது தீவைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 10,000 வாதுமைகளும் இருந்தன. நிசிரோ தீவின் எரிமலைப் பாறையில் வெட்டிய 29 மாவரைக்கும் கற்கள் ஏராவின்மேல் வரிசையாகக் கிடந்தன. விற்பனைச் சரக்கே அடிப்பாரமாகவும் உதவிற்று. குவளைகள் நான்கு, எண்ணெய்க் குடுவைகள் நான்கு, மரக்கரண்டிகள் நான்கு எனக் கிடைத்தமையால், கப்பலில் நால்வர் பணியாற்றினர் என்று ஆய்வாளர் கணித்தனர். வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் ஏராளமாக இருந்ததால், உணவுக்காக வழியில் மீன்பிடித்தனர் என்பது தெளிவு. அடுப்பு கிடைக்கவில்லை; கரையிறங்கிச் சமைத்திருக்கலாம்.

இக்கப்பலில் நம் கவனத்தை மிகுதியும் ஈர்ப்பவை அதன் ஒட்டுகளே. ஏரா ஒருமுறை முறிந்து, மரத்துண்டு வைத்துச் சீர்செய்யப்பட்டது. அணியத்தில் உளுத்துப்போன பலகைகள் மாற்றப்பட்டன. பாய்மரம் ஊன்றும் அடிக்கட்டை இடம் மாற்றப்பட்டது. இறுதியில் நீர்க்கசிவைத் தடுக்க வெளிப்புறமெங்கும் ஈயத்தகடு போர்த்தினர். புதுக்கப்பல் கட்ட வசதியுள்ளவர் எவரும் பழைய கப்பலுக்கு இத்தனை வைத்தியம் பார்த்திரார். இக்கப்பல் 80 ஆண்டுகள் உழைத்ததாக முன்னர் பலர் எழுதினர். மரத்தைப் பாதுகாக்க ஊட்டிய வேதிப்பொருள் கரிமக் காலக்கணிப்புக்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. அத்தடையை நீக்கி 2024இல் வெளியான ஆய்வின்படி, மரம் கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிற்பட்டது; கப்பல் மூழ்கியது ஏறத்தாழ கி.மு. 280. ஆகவே 80 ஆண்டு என்னும் கணக்கு இனி நில்லாது. இதனால் கப்பலின் மதிப்புக் குறைந்ததாக நாம் கருதவில்லை. அத்தனை பழுதுகளும் குறுகிய காலத்துக்குள் நேர்ந்தன எனில், அதன் உழைப்பு நாம் எண்ணியதிலும் கடுமையானது அன்றோ?

முடிவு எவ்வாறு நேர்ந்தது? கப்பலுக்கு அடியில் எட்டு இரும்பு ஈட்டிமுனைகள் கிடைத்தன. சில ஈயத்தகட்டில் ஒட்டியிருந்தன. கிடைத்த காசுகளோ மிகச் சில, அவையும் செப்புக் காசுகள். கடற்கொள்ளையர் தாக்கி மூழ்கடித்தனர் என்பது காட்செவ் முன்வைத்த கருத்து. முதுமையடைந்த கப்பல் புயலைத் தாங்காது அமிழ்ந்தது என்பாரும் உளர். நமக்கு முன்னைய கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. புயலில் அமிழும் கப்பலின் வெளிப்புறத்தில் ஈட்டிக்கு என்ன வேலை? சாடிகளையும் கற்களையும் கொள்ளையர் தொடவில்லை. எளிதில் விலைபோகும் பொருள்களையும், ஒருவேளை அந்த நால்வரையும், அவர்கள் கொண்டுபோயிருக்கலாம். ஏனெனில் அக்காலத்து அடிமைச் சந்தையில் மனிதருக்கும் விலை இருந்தது.