மடியும் ஏடும்: வடசென்னையின் எழுத்தறிவு வரலாற்றில் நூலகம்

திருவொற்றியூர் எழுத்தோடு நெடுநாள் உறவுடைய ஊர். பட்டினத்தார் அடங்கிய தலமாகப் போற்றப்படுவதும் வள்ளலார் வழிபட்டுப் பாடியதுமாகிய அவ்வூரின் திருக்கோயிலில், பாணினியின் இலக்கணத்தைக் கற்பிப்பதற்கென்றே வியாகரணதான மண்டபம் ஒன்று விளங்கியதைச் சோழர் காலக் கல்வெட்டுச் செய்தியால் அறிய முடிகிறது. இலக்கணம் பயில வந்தவர்க்குக் கோயில் இடம் தந்தது. அதே கடற்கரையில் வலை உலர்த்திய குடும்பத்துக் குழந்தைக்கு முதல் எழுத்தைக் காட்டியவர் யார்? இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நிலப்பகுதியின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மணலில் எழுதிய எழுத்து

திண்ணைப் பள்ளிக் குழந்தை மணலில் விரலால் எழுதிப் பழகிற்று. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்க்கென நடைபெற்ற இல்லத்தில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிகளின் இவ்வழக்கத்தைக் கண்டு, மணற்பலகையையும் மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையையும் மேற்கொண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது.

எனினும், மணலில் எழுதியது மணலோடு அழிந்தது. ஏடாக வீடு வந்து சேரவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகக் காட்டுகிறது. அவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. ஆதலின், குழந்தையை மடியில் இருத்திப் படித்துக்காட்டும் தாய் பல தலைமுறைகளுக்கு அரிய காட்சியாகவே இருந்தாள்.

ஆலையும் அச்சும்

1856 சூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகமும் ஆலைகளும் பின்தொடர்ந்தன. 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகையொன்றில் குழந்தைகளின் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய முயற்சியே பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனமாக வளர்ந்தது. குழந்தையின் கைக்குப் பலூன் எளிதில் கிடைத்த ஊரில், படநூல் எளிதில் கிடைக்கவில்லை.

ஆனால் அச்சு இம்மக்களுக்கு அயலானதன்று. கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் பதிப்பகத்தார் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’க் கதை நூல்கள் தமிழகமெங்கும் சென்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாத பலர் சூழ்ந்து கேட்டனர். மீனவர் குடும்பத்தில் 1860இல் பிறந்து, 1923இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் விழா எடுத்த சிங்காரவேலர், தம் இல்லத்தில் பெரியதொரு நூல்தொகுதியைப் பேணினார். உழைப்பாளர்க்கு நூல் வேண்டா என்னும் எண்ணத்தை மறுக்க அவர் வாழ்வு ஒன்றே போதும்.

சட்டம் திறந்த கதவு

நூலைத் தேடி மக்கள் வருவதினும் மக்களைத் தேடி நூல் செல்ல வேண்டும் என்பதை இயக்கமாக்கியவர் சீர்காழி இரா. அரங்கநாதன். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாயின. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் அதுவே. சொத்துவரியோடு சேர்த்துத் தண்டப்படும் நூலக வரி பின்னாளில் ரூபாய்க்குப் பத்துக் காசாக உயர்ந்தது. ஆலைக் கட்டடமும் அவ்வரிக்கு உட்பட்டதே. ஆதலின், வடசென்னை நூலகங்களின் அலமாரியில் அப்பகுதித் தொழிலின் பங்கும் இருக்கிறது.

ஒவ்வொருவர்க்கும் அவரவர்க்குரிய நூல் என்பது அரங்கநாதனின் இரண்டாம் விதி. ‘ஒவ்வொருவர்’ என்னும் சொல்லுள் இன்னும் பேசத் தொடங்காத குழந்தையும் அடங்கும் என்பதைக் கிளை நூலகங்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. அவை பெரும்பாலும் ஆடவர் நாளிதழ் படிக்கும் கூடங்களாகவும், மாணவர் தேர்வுக்குப் படிக்கும் இடங்களாகவுமே வளர்ந்தன. அரங்கநாதனின் அறிவுரையோடு உருவாகி 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 1967இல் சிறுவர் பகுதியைத் தொடங்கியது. 1981இல் அந்நூலகம் எரிந்தபோது, அரிய சுவடிகளோடு சிறுவர் நூல்களும் சாம்பலாயின. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனச் சிறந்த பகுதி உண்டு. எண்ணூர்த் தாய் கைக்குழந்தையுடன் அங்குச் செல்ல வேண்டுமாயின் நகரின் நீளத்தையே கடக்க வேண்டும்.

மடியே முதற்பள்ளி

குழந்தை இலக்கியத்திற்கும் இங்குக் குறைவில்லை. அழ. வள்ளியப்பா முயற்சியால் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. பெரியசாமித் தூரன் பொறுப்பில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. ஆயினும் இவற்றுட் பெரும்பகுதி, படிக்கத் தெரிந்த குழந்தைக்கு உரியது. படிக்கத் தெரியாத பருவத்திற்கு நூலை எடுத்துச் செல்லும் வழியைப் பிற நாடுகளும் அண்மையிலேயே கண்டன. தொழில் நகரான பர்மிங்காமில் 1992இல் 300 குடும்பங்களுடன் ‘புக்ஸ்டார்ட்’ திட்டம் தொடங்கியது. குழந்தையின் உடல்நலம் காண வரும் செவிலியர் வாயிலாகப் படநூல் ஒன்றும் நூலகத்திற்கான அழைப்பும் பெற்றோர்க்கு வழங்கப்பட்டன. அக்குழந்தைகள் பள்ளியில் சேர்ந்தபோது பிறரினும் முன்னிற்பதை ஆய்வாளர் கண்டனர்.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் மூன்றாம் மாதத்திலேயே குழந்தையை விளித்துப் பாடத் தொடங்குகிறது. செங்கீரை, தால், சப்பாணி, அம்புலி என வளர்ச்சியின் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஓசை வகுத்த மரபு இது. சொல்லின் பொருள் அறியாக் குழந்தையோடும் சொல்லாடுதல் வேண்டும் என்பதே அதன் உள்ளுறை.

வடசென்னைக்கு இஃது இன்னும் இன்றியமையாதது. அங்குள்ள குழந்தை கேட்டு வளரும் மொழி வேறு; பாடநூலில் காணும் மொழி வேறு. சில இல்லங்களில் தாய்மொழி தெலுங்கு. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயர் அறிந்த கடலோரச் சிறுவன், முதல் வகுப்பில் ஏட்டுத் தமிழின்முன் ஊமையாகி நிற்கிறான். அவனிடம் சொல் இல்லை என்று பள்ளி முடிவு செய்துவிடுகிறது. பெற்றோர் படத்தைக் காட்டித் தம் பேச்சில் கதை சொல்லி, அதே கதையின் எழுத்து வடிவையும் கேட்கச் செய்தால், இரு தமிழுக்கும் நடுவே பாலம் அமையும். எழுத்தறியாத் தாயும் படம் பார்த்துக் கதை சொல்ல இயலும். 1990களின் அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிந்த தாய்க்கோ, பெரிய எழுத்துப் படநூல் தன் எழுத்தறிவையும் காக்கும் துணையாகும்.

செய்யத்தக்கன

இதற்குப் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. 1975இல் இந்தியாவில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் தெருதோறும் உள்ளன; தடுப்பூசி நாளில் தாய்மார் அங்குக் கூடுகின்றனர். கிளை நூலகம் அந்நாளில் ஒரு பெட்டிப் படநூல்களை அங்கு அனுப்பலாம். விடியலில் மீன் ஏலத்துக்குச் செல்லும் தாய்க்கும், ஷிப்டு முடிந்து திரும்பும் தந்தைக்கும் பொருந்துமாறு நேரத்தை வகுக்கலாம். கிழிந்த படநூலுக்குத் தண்டம் கேளாதிருக்கலாம். குழந்தை கிழித்த நூல், பயன்பட்ட நூல்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டங்களுக்கும் இதில் கடமை உண்டு. அரங்கில் ஒலிக்கும் கவிஞர் குரல், மாதம் ஒருமுறை நூலகத்துப் பாயில் அமர்ந்த தாயும் சேயும் கேட்குமாறு ஒலிக்கட்டும். நாளைய கவிதைக்கு வாசகர் அந்தப் பாயிலிருந்தே எழுந்து வர வேண்டும்.